வீட்டிலேயே நின்ற புள்ளி

கோபித்துக்கொண்டு போனாளாம்! யார் சொன்னது, மாடி வீட்டுத் தையல்காரியா? ஊரில் உள்ளதையெல்லாம் தைப்பாள், தன் வாயை மட்டும் தைக்கமாட்டாள். "புருஷன் ஆசையா வாங்கிக் குடுத்ததைத் தூக்கிப் போட்டுட்டு, துணிமணியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டா உங்க மருமக" என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். தூக்கிப் போடவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. மாடியிலிருந்து கேட்டால் பாதிதான் காதில் விழும். நான் கீழே இருந்தவள். முழுசாகச் சொல்கிறேன்.

என் மருமகள் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். அவள் ஓட்டினால் பின்சீட்டில் தூங்குகிற குழந்தை எழுந்திருக்காது. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். பாத்திரம் உருளுகிற சத்தம் இருக்காது, திரும்பிப் பார்த்தால் வேலை முடிந்திருக்கும். பிறகு சமையலறை ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். எங்கள் தெருவைத் தாண்டினால் தார் ரோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் பொட்டல்தான். கல்லும் முள்ளும். அதற்கும் அப்பால் ஒரு வறண்ட ஏரி, வானம் கீழே விழுந்து காய்ந்துபோன மாதிரி வெள்ளை வெளேரென்று.

"அங்க என்னடி இருக்கு?" என்பேன்.

"ஒண்ணுமே இல்ல அத்தை. அதான் பாக்குறேன்" என்பாள்.

அந்தப் பொட்டலுக்குள் ஆடுமாடு மேய்க்கிறவர்கள் கூடாரம் போட்டிருக்கிறார்கள். அங்கே போய் மாடுகளுக்கு ஊசி போடுகிற டாக்டரம்மாவுக்கு ஒரு டிரைவர் தேவைப்பட்டது. முன்பு இருந்தவன் வழி தவறி, போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய், ஐஸ் பெட்டியில் இருந்த மருந்தெல்லாம் சூடாகிக் கெட்டுவிட்டது. அதனால் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "ஐஸ் உருகறதுக்குள்ள என்னை அவங்க கிணத்துக்கிட்ட கொண்டு போய் விடு. விட்டா வேலை உனக்கு. இல்லேன்னா வேற ஆள் பாத்துக்கறேன். வழி பாக்கறதுக்கு எந்தக் கருவி வேணும்னு நீயே பழகிப் பாத்து முடிவு பண்ணு." பழகுவதற்கு ஜீப்பையும் கொடுத்தனுப்பினார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு புடவைகூட வேண்டுமென்று கேட்காதவள், அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கு இந்த வேலை கிடைக்கணும் அத்தை" என்றாள். அவ்வளவுதான். ஆனால் சொன்னபோது அவள் கை என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

என் மகன் ஜன்னல் கம்பி செய்கிற பட்டறையில் வெல்டர். விஷயத்தைக் கேட்ட மறுநாளே டேப்லெட் ஒன்றோடு வந்து நின்றான். சாப்பிடுகிற தட்டு அகலம் இருக்கும். வழி காட்டுகிற கருவிகள் விற்கிற கடைக்காரர் ஒருவர் அவளிடம் ஏற்கெனவே ஒரு குட்டி ஜிபிஎஸ் கருவியை, ஓட்டிப் பார்த்துவிட்டுத் தரும்படி கொடுத்திருந்தார். தடித்த பித்தான்கள், மேலே கட்டைவிரல் மாதிரி ஒரு முனை. உள்ளே நாலைந்து கோடு தவிர ஒன்றும் தெரியாது.

"இதென்ன, சோப்பு டப்பாவா?" என்றான் மகன்.

நானும் அவன் பக்கம்தான். "ஏண்டி, இதுல தெரியறது எறும்புக்குத்தான் புரியும். அவன் வாங்கினதைப் பாரு, டிவி மாதிரி இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள்.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மிதக்கிற மாதிரி இருக்கிறது. வாசலில் நிற்கிற ஜீப்பின் முன்சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்காருவோம். டேப்லெட்டில் மேலிருந்து எடுத்த படம். பொட்டல் முழுவதும் அதற்குள் இருந்தது. விரலை வைத்து இழுத்தால் மேகத்துக்கு மேல் உட்கார்ந்து போகிற மாதிரி பூமி கீழே நழுவும். ஒவ்வொரு முள்மரமும் அதன் நிழலும் தெரியும். நடுவில் நீலமாக ஒரு புள்ளி. "அதான் நாம" என்பான் மகன். எழுத்துத் தெரியாதவளுக்கும் புள்ளி தெரியும் அல்லவா? எங்கள் கூரை மேல், ஒரு நூல்கூட விலகாமல் நின்றது. ஜீப் இருந்த இடத்தைவிட்டு அசையாது, நாங்கள் ஏரியெல்லாம் கடந்து போய்விட்டுத் திரும்புவோம். தெருவில் போகிறவர்கள், நின்ற வண்டிக்குள் இதுகள் என்ன செய்கின்றன என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு விடுமுறை நாளில் நிஜமாகவே கிளம்பினோம். மகன் முந்தின நாளே படம் முழுவதையும் டேப்லெட்டுக்குள் இறக்கி வைத்துவிட்டான். "சிக்னல் இல்லேன்னாலும் கவலை இல்லம்மா" என்று பெருமை. தார் ரோடு முடிந்தது. பிறகு கல், பிறகு முள். அப்புறம் ஏரி. அதற்குள் போனோம். முன்னாலும் பின்னாலும் ஒரே வெள்ளை. வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியவில்லை. கானல் எங்களுக்கு முன்னால் போய்ப் போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கத்தில் நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். "டேய், நாம இன்னும் வீட்லதான்டா இருக்கோம்" என்றேன்.

நீலப் புள்ளி எங்கள் கூரை மேலேயே நின்றது. மகன் தட்டினான், அணைத்துப் போட்டான். "வரும்மா, வரும்" என்றான். வரவில்லை. மருமகள் வண்டியை நிறுத்தி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செயற்கைக்கோளைப் பிடிக்கிற சங்கதியே அதற்குள் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபையை வைத்துத்தான் அத்தனை நாளும் அது எங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதிலும் பாதி தையல்காரியின் வைஃபையாக இருக்கும்! பட்டறை, வீடு, தெரு என்று இருக்கிற எங்களுக்கு இது எப்படித் தோன்றும்? நிற்கிற வண்டியிலேயே பரீட்சை வைத்து, அதைப் பாஸ் ஆக்கிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறி டேப்லெட் சூடு தாங்காமல் அணைந்தே போனது. சோப்பு டப்பா மட்டும் வெயிலில் பளிச்சென்று, நாங்கள் வந்த தடத்தைக் கோடாகப் போட்டு வைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

தையல்காரி கேட்டது அதற்கு அப்புறம் நடந்த பேச்சைத்தான்.

"அப்ப நான் வாங்கினது குப்பையா?" என்றான் மகன். சத்தமாகத்தான் சொன்னான்.

"குப்பைன்னு யாரு சொன்னா? எனக்கு அது வேணாம்னுதான் சொன்னேன்."

"கோடு மட்டும் போதும்னு சொல்ல, நீ என்ன மத்தவங்களை மாதிரி ஊருக்குள்ள டெலிவரி ரூட்டா ஓட்டப் போறே? அந்தப் பாலைவனத்துல நீ பெருசா எல்லாத்தையும் பாக்கணும்னுதானே வாங்கினேன்!"

"அதையெல்லாம் வண்டிக் கண்ணாடி வழியா பாத்துக்கறேன்" என்றாள் அவள் மெதுவாக. "நான் எங்க இருக்கேன்னு மட்டும் ஒண்ணு சொல்லணும். நீங்க பக்கத்துல இருக்கமாட்டீங்கல்ல."

 இந்தக் கடைசிப் பேச்சு மாடிக்குக் கேட்டிருக்காது.

நானும் லேசில் விடவில்லை. டேப்லெட்டில் வேறு ரகம் இருக்கிறதாமே, செயற்கைக்கோள் பேசுவதைக் கேட்கிற காதுள்ளதாக ஒன்று வாங்கேன் என்றேன். "அதுவும் வெயில்ல கண்ணை மூடிக்கும் அத்தை. ஐஸ் பொட்டி காத்திருக்காது" என்றாள். என் பிடிவாதம் அதோடு சரி.

மறுநாள் காலையில் வாசலில் டிரில்லிங் மெஷின் கத்தியது. மகன் ஜீப்பை உடைக்கிறான் என்று தெருவில் பேச்சு. அவன் உடைக்கவில்லை. அந்தக் குட்டிக் கருவி குலுங்காமல் நிற்பதற்கு இரும்பில் ஒரு தாங்கி செய்து, ரப்பர் வைத்து, அவள் கண் மட்டத்துக்குப் பொருத்திக்கொண்டிருந்தான். மூஞ்சி மட்டும் உம்மென்று இருந்தது. அவள் சீட்டில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்றாள். நகர்த்தினான்.

பரீட்சைக்குப் போய் டாக்டரம்மாவைக் கிணற்றடியில் இறக்கியபோது ஐஸ் கட்டியாகவே இருந்ததாம். வேலை அவளுக்குத்தான். ஆனால் ஊசி போட்டு முடிகிறவரை கூடாரங்களோடு கூடாரமாகத் தங்கவேண்டிய வேலை. மழை வந்து அவர்கள் கூடாரத்தைப் பிரித்தால்தான் திரும்ப முடியும். வேலையை அவள் கேட்டபோது இது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

கிளம்பின அன்று விடியலில் தெரு முழுக்கப் பனி. ஜீப் பாதிதான் தெரிந்தது. மகன் அவளுடைய பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தாங்கியின் திருகாணியை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டிருந்தான். அவள் ஐஸ் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க மருந்தை மறந்துடாம வேளாவேளைக்குப் போடுங்க அத்தை."

"என்னைக் கவனிக்க எனக்குத் தெரியும். நீ தண்ணி குடி."

திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள் என்று தையல்காரி சொல்கிறாள். கை நிறையப் பெட்டியோடு இறங்குகிறவள் எப்படித் திரும்புவாள்? வாசல்படியைக் காலால் தடவித் தேடினாள். கிடைத்ததும் இறங்கி, பனிக்குள் நடந்து போனாள்.