பட்டியல் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனன் வெங்கடேசனிடம் ஒருவர் கைநாட்டு கேட்டார்.

கையெழுத்து அல்ல... கைநாட்டு. வெங்கடேசன் பி.காம். படித்தவன். நன்றாகவே கையெழுத்துப் போடுவான். ஆனால், அவன் வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. கட்டுக்குள் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் இருக்கின்றன. அதனால், "இடது கைப் பெருவிரல் வச்சாப் போதும்ணா" என்று சலுகை காட்டினார் வந்தவர்.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் வெங்கடேசனுக்கு எட்டு மாடுகள், கொஞ்சம் மாந்தோப்பு. மாடுகளுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட ஒரு மெஷின் வைத்திருக்கிறான். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், பெல்ட் சுற்றுகிற சக்கரம், அதையெல்லாம் மறைக்க ஓர் இரும்பு மூடி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்து நாட்களுக்கு முன், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மூடி நழுவி விழுந்தது. பக்கத்தில் சிந்திய தட்டை ஒதுக்கிவிட அவன் கை நீட்டியிருந்தான். கை பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய்விட்டது.

வந்தவர் மெஷின் கம்பெனியின் சர்வீஸ் ஆள். விபத்து அறிக்கை ஒன்றை நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுவது பழைய பத்திரிகைத் தொழில் புத்தி. கடைசி வரி இப்படி இருந்தது: 'விபத்துக்குக் காரணம் - வாடிக்கையாளர் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு மெஷினை இயக்கியது.'

"யாருப்பா கழட்டுனது?" என்றான் வெங்கடேசன்.

"இல்லண்ணா, சும்மா ஃபார்மாலிட்டிக்கு. எல்லா கேஸ்லயும் இப்பிடித்தான் எழுதுவோம்."

"எல்லா கேஸ்லயுமா? அப்ப எத்தினி கேஸு இருக்குது?"

அவர் மைப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினார்.

வெங்கடேசனின் மனைவி லட்சுமி கொட்டகைக்குள் போய் அந்த மூடியைத் தூக்கி வந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தெலுங்குதான் முதலில் வரும். அன்று, வந்தவருக்கு ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாது என்று தமிழிலேயே பேசினாள்.

"கழட்டணும்னா மொதல்ல மாட்டியிருக்கணும் இல்ல? இது மாட்டவே மாட்டேங்குது. நீயே மாட்டிக் காட்டு சாமி. மாட்டிட்டீன்னா அவரு ஒண்ணு, நான் ஒண்ணுன்னு ரெண்டு கைநாட்டா வாங்கிக்கினு போ."

அவர் மூடியோடு மெஷினிடம் போய் முயன்று பார்த்தார். மெஷினில் இரண்டு போல்ட் துளைகள். மூடியில் இரண்டு துளைகள். ஒன்று சேர்ந்தால் இன்னொன்று சேரவில்லை. மூடியைத் திருப்பினார், தட்டினார், முழங்காலால் அழுத்தினார். இரும்பு அசையவில்லை.

நடந்தது இதுதான். மெஷினோடு வந்த பழைய மூடி துருப்பிடித்து உடைந்துவிட்டது. விபத்துக்கு மூன்று வாரத்துக்கு முன் கிருஷ்ணகிரி டீலரிடம் புது மூடி கேட்டு வாங்கினான். பழைய மூடியின் நம்பரைச் சொல்லித்தான் கேட்டான். அதே நம்பர் அச்சடித்த மூடிதான் வந்தது. ஆனால், துளை சேரவில்லை. மாட்ட வந்த டீலரின் மெக்கானிக், "இப்போதிக்கு இது போதும்" என்று கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். மோட்டார் அதிர்வில் கம்பி அறுந்தது.

நான் டேப் வைத்து அளந்தேன். பதினெட்டு மில்லிமீட்டர். ஏறக்குறைய ஒரு விரற்கடை.

நம்பர் ஒன்று, உருவம் வேறு... எப்படி?

செவ்வாய்க்கிழமை ஓசூருக்குப் போனேன். தொழிற்பேட்டையில் நல்ல பெரிய கம்பெனி. வாசலில் செடிகள், சுவரில் தரச் சான்றிதழ்கள். பத்திரிகையில் எழுதுகிறவன் என்றதும் காபி வந்தது. டிசைன் பிரிவு மேனேஜர் மரியாதையானவர்தான்.

"எங்க டிராயிங்ல ஒரு தப்பும் இல்ல சார். நீங்களே பாருங்க" என்று ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். அதை இயக்கிக்கொண்டிருந்தவர் வளர்மதி, டிசைன் இன்ஜினீயர், சாத்தூர் பக்கத்துப் பெண். திரையில் மெஷின் சுழன்றது. மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இது புது மாடல். எங்கள் வீட்டில் இருப்பது பழைய மாடல். அதில் இந்த மூடி எப்படி உட்காருகிறது?" என்று கேட்டேன்.

"அது வேற சார்" என்றார் மேனேஜர்.

"நம்பர் ஒன்றுதானே?"

மேனேஜர் செல்போனைப் பார்த்தார். வளர்மதி என்னைப் பார்த்தார்.

"பாத்துரலாம் சார். ஒரு ரைட் கிளிக்தான்."

"அதெல்லாம் சாருக்கு எதுக்கும்மா?"

"ஒரு நிமிஷங்கூட ஆகாது சார்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே கிளிக் செய்துவிட்டார்.

விஷயம் எளிமையானது. இந்த மென்பொருளில் ஒவ்வொரு பாகமும் ஒரு தனி ஃபைல். ஒரு போல்ட், ஒரு மூடி, ஒரு சக்கரம்... எல்லாம் தனித்தனி. முழு மெஷினின் படம் அந்த ஃபைல்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும். ஒரே மூடியைப் பல மெஷின்கள் கூப்பிடலாம். மூடியின் ஃபைலில் கை வைத்தால், அத்தனை மெஷினிலும் மூடி மாறிவிடும். அதனால்தான், 'இந்தப் பாகம் எங்கெல்லாம் பயன்படுகிறது?' என்று கேட்க மென்பொருளிலேயே வசதி வைத்திருக்கிறார்கள். கேட்டால் சொல்லும்.

சொன்னது. ஆறு மெஷின்கள். தட்டு வெட்டுவதில் மூன்று மாடல், சோளம் உதிர்ப்பது, கடலை உடைப்பது, மாவு அரைப்பது. வளர்மதி எங்கள் பழைய மாடலைத் திறந்தார். மூடியின் துளை ஓரிடத்தில், மெஷினின் துளை ஓரிடத்தில். அளந்தார். திரையில் பதினெட்டு என்று வந்தது.

மாட்டுக்கொட்டகையில் நான் டேப் பிடித்து அளந்தது, குளிர்பதன அறையில் இத்தனை நாளும் திரைக்குப் பின்னால் காத்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பத்திரிகைக்காரர்கள் நாங்களும் இந்தத் தப்பைச் செய்தவர்கள்தான். ஒருமுறை இரங்கல் செய்தியில், உயிரோடு இருக்கும் ஒருவருடைய படம் போய்விட்டது. ஒரு பதிப்பில் பிடித்து மாற்றினோம். இன்னொரு பதிப்பில் மறந்தோம். காலையில் அவரே ஆபீஸுக்கு வந்து, எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்! அன்றிலிருந்து ஒரு படத்தை மாற்றினால், 'வேறு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' என்று பக்கம் பக்கமாக ஓடித் தேடுவோம். இவர்களுக்கு ஓட வேண்டியதுகூட இல்லை. ஒரு கிளிக்.

"புது மாடலுக்குப் பெரிய மோட்டார் சார். துளையைத் தள்ளி வைக்க வேண்டியதாப் போச்சு" என்றார் மேனேஜர்.

"அப்படியென்றால் அது புது மூடி. புது நம்பர் போட்டிருக்கலாமே?"

"போட்டா ஸ்டோர், கேட்டலாக், டீலர்னு எல்லா இடத்துலயும் மாத்தணும் சார். ரெண்டு மாசம் இழுத்துரும். லாஞ்ச் தேதி குடுத்துட்டாங்க."

ஆக, பழைய ஃபைலையே திறந்து, துளையை நகர்த்தி, அதே நம்பரில் சேமித்துவிட்டார்கள். பழைய மெஷின்களுக்கும் இனி இந்த மூடிதான் போகும். போனது.

இதையெல்லாம் தடுக்க விதிமுறை எதுவும் இல்லையா? இருக்கிறது! தரச் சான்றிதழ் வாங்கிய கம்பெனி ஆயிற்றே. மேனேஜர் கொஞ்சம் பெருமையாகவே ஃபைலை எடுத்தார். மாற்றத்துக்கான ஒப்புதல் படிவம். அதில் ஒரு கேள்வி: 'மாற்றப்படும் பாகம் வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது?' அதற்கு எழுதியிருந்த பதில்: 'பட்டியலின்படி.' கீழே ஐந்து கையெழுத்துகள். ஒன்று பச்சை மையில்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அடுத்த தாளைப் பார்த்தேன்.

"பட்டியல் எங்கே சார்?"

"அது... ஸ்டாண்டர்டா அப்பிடித்தான் சார் போடுவோம்."

முந்தைய படிவங்களைப் புரட்டினேன். பட்டியலின்படி. பட்டியலின்படி. பட்டியலின்படி. ஒன்றிலும் பட்டியல் இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது அங்கேதான். தெரியாமல் செய்த தப்பு என்றால் மன்னித்துவிடலாம். இங்கே கம்ப்யூட்டருக்குத் தெரியும். படிவம் கேட்கிறது. படித்த மனிதர்கள் ஐந்து பேர், பார்க்காத ஒரு பட்டியலைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்குப் பெயர் கவனக்குறைவா? கவனக்குறைவு என்றால் ஒருமுறை விடுபடும். இவர்கள் ஒருமுறைகூட விடாமல் 'பட்டியலின்படி' என்று எழுதியிருக்கிறார்கள். இது பொய். ஆபீஸ் மொழியில் எழுதிய சுத்தமான பொய்.

அந்தப் பொய் மூன்று வாரம் ஒரு கட்டுக்கம்பியில் தொங்கியது. அது அறுந்ததும், ஐந்து கையெழுத்துக்குக் கீழே ஆறாவதாக ஒரு விவசாயியின் கைநாட்டு தேவைப்பட்டிருக்கிறது. 'நான்தான் கழற்றினேன்' என்று.

"இந்த மூடி பழைய மெஷின்களுக்கு இன்னும் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது?" என்று கேட்டேன்.

"டீலருங்ககிட்டதான் கேக்கணும் சார்."

"கேளுங்கள்."

மேனேஜர் டைரியில் குறித்துக்கொண்டார். அவர் குறித்துக்கொண்டதை நானும் குறித்துக்கொண்டேன். மைத்துனனின் அறிக்கையில் அந்தக் கடைசி வரியை மாற்றித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

படியிறங்கும்போது வளர்மதி பின்னால் வந்தார். "எழுதுனா எம்பேரைப் போட்றாதீக சார். வீட்ல என் சம்பளந்தான்." போடவில்லை. இந்தப் பத்தியில் யார் பெயரும் அவர்களுடைய சொந்தப் பெயர் இல்லை. மூடியும் விரல்களும் மட்டும்தான் நிஜம்.

உங்கள் வீட்டு மெஷினில் பெல்ட் மூடி கம்பியிலோ கயிற்றிலோ தொங்கினால், தயவுசெய்து இன்றைக்கே மோட்டாரை நிறுத்துங்கள். கம்பெனி பட்டியல் போட்டு உங்களைத் தேடி வரும் என்று காத்திருக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை வெங்கடேசன் போன் செய்தான்.

"மாமா, அந்த ஆளு புதுத் தாளு கொண்ணாந்திருக்கான். நான் கழட்டுனேன்ற வரியை எடுத்துட்டாங்க."

"நல்லது. காரணம் என்று என்ன போட்டிருக்கிறார்கள்?"

"'இணைப்பில் உள்ளபடி'ன்னு போட்டிருக்குது."

"இணைப்பு எங்கே?"

"ஒத்தத் தாளுதான் மாமா. முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்துட்டேன்."

"கைநாட்டு வைத்துவிடவில்லையே?"

"மிச்சம் எட்டு வெரல் இருக்குது மாமா. அதுல ஒண்ணைக்கூட இவங்களுக்குக் குடுக்கறதா இல்ல."