ரீட்டாவின் சமுத்திரப் பிரயோசனம்

ரீட்டா இறந்துவிட்டாள். காலையில் ஆஃபீஸ் குரூப்பில் மெசேஜ்... வேறு யாரோ ரீட்டா என்றுதான் நினைத்தேன்.

ஹார்ட் அட்டாக்காம். நாற்பதுகூட ஆகவில்லை. நேற்று ஆஃபீஸ் ஷட்டில் பஸ்ஸில் என் பக்கத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தவள்! அல்வாலில் இறங்கும்போது, "நாளைக்கு பாடம் இருக்கு, தூங்கிடாதீங்கக்கா" என்று கைகாட்டினாள்.

போனில்தான் இதை எழுதுகிறேன். தப்புத்தப்பாக டைப் ஆனால் மன்னியுங்கள்.

பலருக்குச் சொல்லவில்லை... இந்த ஈஸ்டருக்கு நான் ஞானஸ்நானம் வாங்குவதாக இருக்கிறேன். கோவிலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பவள் ரீட்டா. எனக்கு மட்டும் கச்சிபௌலி போகும் ஷட்டிலில் தனி டியூஷன். டிராஃபிக் எவ்வளவோ பாடம் அவ்வளவு.

நான் ஈரோட்டுக்காரி. எதையும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டேன். "செத்தவங்களுக்கு எதுக்குப் பூசை வைக்கிறீங்க? அவங்களுக்குக் கேக்கவா போகுது?" என்று ஒரு நாள் மடக்கினேன்.

"கைக்கு அக்கா, ஏன் இப்படிக் கேக்குறீங்க? செத்துட்டா சொந்தம் விட்டுப்போயிடுமா? நாம அவங்களுக்காக வேண்டுறோம், அவங்க நமக்காக வேண்டுறாங்க. அதான் சமுத்திரப் பிரயோசனம்!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பழைய ஜெபப் புத்தகத்தைப் புரட்டினால்... சமுதீதப் பிரயோசனம். புனிதர்களும் இறந்தவர்களும் நாமும் ஒரே குடும்பம் என்பதற்கான சொல். சமுத்திரமாவது ஒன்றாவது!

ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காகத் தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்த குடும்பம் ரீட்டாவுடையது. அவளுக்குத் தமிழ் இந்த ஊர் உருது கலந்து பேச வரும், படிக்க வராது. ஜெபமெல்லாம் காதால் கேட்டுப் படித்தவை.

நான் சொன்னதும் முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். "நக்கோ அக்கா, வேணாம், ஃபாதர்கிட்ட சொல்லிடாதீங்க... என் கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் சமுத்திரம்னுதான் சொல்லுதுங்க!"

அவளையேதான் என் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாயாக நிற்கச் சொன்னேன். என்னைவிடச் சின்னவள். "நான் உங்களுக்கு அம்மாவா? அப்ப சொன்ன பேச்சு கேக்கணும், ஹவ், சரியா?" என்று மிரட்டினாள். கோவிலில் அவள் பெயரையும் கொடுத்தாயிற்று.

மத்தியானம் ஃபாதர் போன் செய்தார். வேறு ஒருவரை யோசித்து வையுங்கள், அவசரமில்லை என்றார். போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது அவள் வீட்டு வாசலில் நிற்கிறேன். உள்ளே பெட்டியைச் சுற்றி ஜெபமாலை சொல்கிறார்கள். எல்லோரும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்.

வாங்காதவள் சொல்லும் ஜெபம் இறந்தவர்களுக்குப் போய்ச் சேருமா? எத்தனையோ சந்தேகம் கேட்டேன், இதைக் கேட்கவில்லையே... இனி யாரிடம் கேட்பேன்?

செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே போகிறேன், ரீட்டா.