விட்ட இடத்தில் நின்ற ஹேண்டில்

என் மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் அவளுடைய பைக்கை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். வாங்க வந்தவர் முத்தாண்டிக்குப்பத்துக்காரர். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. மனைவியை அழைத்துக்கொண்டு ஞாயிறு மாலை வருவதாகச் சொல்லியிருந்தார்.

வண்டியில் ஒரு குறைதான் இருந்தது. பிரேக் பிடித்தால் ஹேண்டிலுக்குக் கீழே டக் டக்கென்று ஒரு சத்தம். மந்தாரக்குப்பத்தில் ஏதாவது கடையில் விடலாம் என்று நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் பார்த்துவிட்டார். அவர் சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டர்.

"இதுக்குப் போயி கடைக்கா? நான் எதுக்கு சார் இருக்கேன்?"

எங்கள் பிளாக்கில் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. எலக்ட்ரீஷியன் விசிறியைப் பார்ப்பார், வெல்டர் கேட்டைப் பார்ப்பார், நான் பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பேன். வேண்டாம் என்றால் வாசலில் கோலம் போடும் நேரத்தில்கூடப் பேச்சு நின்றுவிடும். அவர் நீளமான ஸ்பேனர் ஒன்றை எடுத்துவந்து, ஹேண்டில் திரும்பும் இடத்திலிருக்கும் கோன் செட்டை முடுக்கினார். சத்தம் அடங்கியது. "இனிமே நீங்களே கேட்டாலும் சத்தம் வராது" என்று துணியில் கை துடைத்தார்.

ஞாயிறு காலை மகள் பெட்ரோல் போடக் கிளம்பினாள். எனக்குக் காய்கறி வாங்க வேண்டியிருந்தது. ஸ்கூட்டரில் பின்னால் போனேன். நேர்சாலையிலேயே வண்டி லேசாக இடமும் வலமும் அலைந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வேகத்தடைக்கு மெதுவானதும் வண்டி ஒரு பக்கம் சாய, அவளால் ஹேண்டிலைத் திருப்பி நிமிர்த்த முடியவில்லை. விழுந்தாள். எதிரே வந்த ஷிப்ட் பஸ் பிரேக் போட்டு நின்றது. அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கும் இடம்தான் இருந்தது.

அவள் எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டாள். ஜன்னலிலிருந்து ஒருவர், "ரோட்டுலதான் தூங்குவியா பாப்பா?" என்றார். பஸ்ஸில் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டேனா இல்லையா என்பது இப்போதும் நினைவில்லை. அந்த பஸ்ஸின் பிரேக் சத்தம் மட்டும் காதில் இருக்கிறது.

வீட்டுக்குத் தள்ளி வந்து வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு, மகள் ஹேண்டிலைத் தொட்டுக் காட்டினாள். "பாருப்பா. தள்ளுனா தானா ஒரு பக்கம் விழணும். விட்ட எடத்துலயே நிக்குது."

"பக்கத்து வீட்டுக்காரர் மதியம் தூங்கும்போது கடைக்குக் கொண்டுபோயிடலாம்" என்றேன்.

"எதுக்குத் திருட்டுத்தனமா? நாளைக்கு இன்னொரு வண்டிக்கும் இதையேதான் செய்வாரு."

அவளே போய் அழைத்துவந்தாள். அவர் ஹேண்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஓட ஓட சரியாயிடும் பாப்பா" என்றார்.

"ஓடுறதுக்குள்ள விழுந்துட்டேனே அங்கிள். இது கன்வேயர் இல்ல, பைக்."

பின்னாலேயே வந்திருந்த அவர் மனைவி விடவில்லை. "இந்த ஆளு கையில எதக் குடுத்தாலும் இப்டித்தான். எங்க வூட்டுல ஊறுகா பாட்டில மூடிட்டு நைட் ஷிப்டுக்குப் போயிட்டாருன்னா, காலைல அவரு வர்ற வரைக்கும் எல்லாரும் வெறுஞ்சோறுதான்."

அவர் சிரிக்கவில்லை. மகளின் முழங்கையை அப்போதுதான் பார்த்தார். ஸ்பேனரை எடுத்துவந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். ஹேண்டில் இப்போது தானாக நகர்ந்தது. ஆனால் நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் தட்டி நின்றது. "அமுக்கினதுல உள்ள பள்ளம் வுழுந்துடுச்சி சார். செட்டையே மாத்தணும். வாங்க, நானும் வர்றேன்" என்றார். மந்தாரக்குப்பத்தில் மெக்கானிக் புது செட் போட்டு முடிக்கும்வரை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கருத்தும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மாலையில் முத்தாண்டிக்குப்பத்துத் தம்பதி வந்தார்கள். காலையில் நடந்ததை நான் முதலிலிருந்து சொன்னேன். மகள் கண்ணால் போதும் என்றாள். நான் நிறுத்தவில்லை. நான் சொல்லி முடித்ததும் வாங்க வந்தவர் தன் மனைவியைப் பார்த்தார்.

"இவ்ளோ சொல்றாரே, ஒருவாட்டி ஓட்டித்தான் பாரேன்" என்றாள் அந்தப் பெண்.

இருவரும் ஏறிப் போனார்கள். பிளாக்கின் திருப்பம்வரை வண்டி தெரிந்தது. பிறகு சத்தம் மட்டும், பிறகு அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார். திரும்பி வந்தபோது வண்டி நூல் பிடித்தாற்போல் வந்தது. வந்தவர் ஒரு கையால் ஓட்டிக் காட்டினார். "ரெண்டு கையையும் வைங்க" என்று கத்திவிட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது, வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணச் சொன்னேன். போன் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் நானே கூப்பிட்டேன். அந்தப் பெண்தான் எடுத்தாள்.

"எப்பவோ வந்துட்டோம்ங்க. அவருதான் இன்னும் உள்ளயே வரல. வண்டிய எடுத்துகினு காடாம்புலியூர்ல இருக்கற தங்கச்சி வூட்டுல காட்டப் போயிருக்காரு."

"மெதுவாப் போகச் சொன்னீங்களா?"

"சொன்னாக் கேக்குற ஆளா சார் அவரு?"