துப்புகிற பிள்ளை

தரம் ஒன்றுக்குப் படிப்பிக்கிறவளுக்கு அருவருப்பு இருக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இல்லை. மூக்குச்சளி, வாந்தி, பிள்ளைகள் இருக்கிற வாங்குக்கு அடியில் தேங்கிக் கிடக்கிற மூத்திரம் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவிவிட்டு, இடைவேளையில் நிம்மதியாகச் சோறு தின்கிறவள் நான். எனக்குக் குமட்டியதெல்லாம் பெரியவர்களைப் பார்த்துத்தான். அதிலும் போன வருடம் குமட்டியது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

கல்முனையில் கடற்கரைப் பக்கமாக உள்ள பள்ளிக்கூடம். போன வருடம் என் வகுப்பில் எல்லா ரகமும் இருந்தது. கடிக்கிறவன், ஓடித் திரிகிறவன், பக்கத்துப் பிள்ளையின் அழிறப்பரைச் சப்பாத்துக்குள் ஒளித்துவிட்டு அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணுகிறவள், மூச்சுக்கு ஒரு தரம் “டீச்சர், இவர் என்னப் பாக்காரு” என்று கோள் சொல்ல ஓடி வருகிறவள். இதெல்லாம் ஒரு பிரச்சினையா? ஓடித் திரிகிறவனுக்குக் கொப்பி பங்கிடுகிற வேலையைக் கொடுத்தேன், எப்படியும் ஓடப் போகிறவன்தானே. கோள் சொல்கிறவளிடம், “சரி மகள், இப்ப அவரப் பத்தி ஒரு நல்ல கதையும் சொல்லிட்டுப் போங்க” என்றேன். யோசித்துக்கொண்டே போய்க் குந்திவிட்டாள். கடிக்கிறவன் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவன் என்று தெரிந்தபிறகு அவனுக்கு என் மேசை லாச்சிக்குள் எப்போதும் விசுக்கோத்து இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு எங்கே குனிய முடிகிறது!

அந்த வகுப்பில்தான் இந்தப் பிள்ளையும் இருந்தாள். வாப்பா சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் மூடை தூக்குகிறவர். உம்மா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள். பிள்ளை நல்ல வாயாடி, முன்பல் இரண்டும் விழுந்த பொக்கைச் சிரிப்பு, எழுத்தும் குண்டு குண்டாக வடிவாக எழுதுவாள். ஆனால் துப்புவாள். திடீரென்று எழும்பிப் போய் ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே துப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து எழுதத் தொடங்குவாள். கொரோனாவுக்குப் பிறகு எச்சில் என்றாலே ஊர் நடுங்குகிறது. கேட்கவா வேண்டும்.

முதலில் ஆசிரியர் அறையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மூலையில் தனியாக இருத்துங்கள் என்றார் ஒருவர். வாயில் பிளாஸ்டர் ஒட்டுங்கள் என்றார் இன்னொருவர், அவர் பயிற்சிக் கலாசாலையில் சிறுவர் உளவியல் படித்துத் தேறியவர். ஒரு பெரிய பக்திமான் ஓதிய தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து தந்து, “ஷைத்தான் குந்தி இரிக்கி, வேற ஒண்டுமில்ல” என்றார். அட, ஆறு வயதுப் பிள்ளைக்குள் போய்க் குந்துவதற்கு ஷைத்தானுக்கு என்ன, இடமா கிடைக்கவில்லை?

பிறகு ஒரு நாள் அவள் வகுப்பில் இன்னொரு மகளின் மேல் துப்பினாள். அந்த மகள் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், நடந்தால் வெளிச்சம் மின்னுகிற சப்பாத்து. அவளுடைய வாப்பா பஸாரில் பெரிய துணிக்கடைக்காரர், எங்கள் ஆரம்பப் பிரிவுக்கு மின்விசிறி எல்லாம் வாங்கிப் போட்டவர். அன்றோடு விஷயம் என் கையை விட்டுப் போனது. துணிக்கடைக்காரரின் மனைவி மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூட அதிபரிடம் போனாள். ஒன்றில் அந்தப் பிள்ளை போக வேண்டும், இல்லையென்றால் தங்கள் பிள்ளைகளை எடுப்போம் என்று சொல்லியிருக்கிறாள். அதிபர் கூட்டம் வைத்துப் பேசி முடிவெடுப்பதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் போனதுமே பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு விலக்குகிற விடுகைப் பத்திரத்தை எழுதச் சொல்லிவிட்டார். சீ, என்ன கூட்டம், என்ன முடிவு!

கூட்டத்துக்கு முதல் நாள் நான் அந்தப் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்று ஒரு பையன் காய்ச்சலோடு வந்து மேசையில் தலையைப் போட்டுக் கிடந்தான். அவள் எழும்பினாள். அவனிடம் போய், வலது கையைப் பொத்தி, அவனுடைய தலையைச் சுற்றி மூன்று தரம் மெல்லச் சுற்றினாள். பிறகு பொத்திய கையை வாய்க்கருகே கொண்டுபோய்த் துப்பினாள். முன்பல் இல்லாத வாய். கைக்குப் போக வேண்டியது பையனின் கன்னத்துக்குப் போனது.

யா அல்லாஹ்! கண்ணூறு கழிக்கிறாள், பட்ட கண்ணைச் சுற்றித் துப்புகிறாள்! இத்தனை நாளும் எல்லோரும் துப்பலைத்தான் பார்த்திருக்கிறோம், கையை ஒருவரும் பார்க்கவில்லை.

கூப்பிட்டு மடியில் இருத்திக் கேட்டேன். “என்னத்துக்கு மகள் அவருக்குத் துப்பினீங்க?”

“அவருக்குக் காய்ச்சல்தானே டீச்சர். கண்ணூறு பட்டிருக்கும்.”

“புதுச் சப்பாத்து மகளுக்கு?”

“அத எல்லாரும் பாத்தாங்கதானே. பாத்தா கால் நோகும்.”

“இத ஆரு உங்களுக்குச் சொல்லித் தந்த?”

“எங்கட உம்மா. தம்பி ராவைக்கு அழுவாரு. உம்மா செத்தல் மிளகாயும் உப்பும் பொத்திச் சுத்துவா. தம்பிக்குத் துப்பத் தெரியாதுதானே, அதால நான்தான் துப்புற. நான் துப்பினாத்தான் தம்பி பால் குடிப்பாரு.” இதைச் சொல்லும்போது அவளுடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும். வீட்டில் அவளுக்குக் கொடுத்திருக்கிற உத்தியோகம் அது. பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. “இனிப் பள்ளிக்கூடத்துல யாருக்கும் சரியில்லெண்டா டீச்சருக்கிட்ட வந்து சொல்லுங்க, டீச்சர் பாத்துக்குவன்” என்றேன். “ஓம் டீச்சர்” என்றாள். உடனே போய், காய்ச்சல்காரப் பையனுக்குத் தண்ணீர் வேண்டும் என்று என்னிடம் வந்து சொன்னாள். பிரச்சினை அந்த இடத்தில் தீர்ந்தது. அப்படித்தான் நான் நினைத்தேன். மடைச்சி.

அடுத்த நாள் கூட்டத்தில் நடந்ததை எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். ஓரிரு தாய்மார் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அங்கே இருந்த ஒருத்தி வீட்டிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. துணிக்கடைக்காரரின் மனைவியுடைய கைக்குழந்தையின் கன்னத்திலேயே கறுப்புப் பொட்டு ஒன்று அப்பிக் கிடந்தது. இனி இது முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன்.

துணிக்கடைக்காரரின் மனைவிதான் சொன்னாள்: “ஓம், எங்கட ஊட்டுலயும் செய்றதான். அதுக்கு? எங்கட துப்பலும் அதுட துப்பலும் ஒண்டா டீச்சர்?”

சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “அந்தப் புள்ளைட உம்மா அவிச்ச இடியப்பம்தானே உங்கட ஊட்டுக்கும் கடையில வேல செய்ற ஆக்களுக்கும் காலையில வாங்கிக் குடுக்கிறீங்க? அதத் தின்னக்குள்ள அருவருக்கல்லியா?” என்று கேட்டேன். “டீச்சர், கதைய வளக்காதீங்க” என்றார் அதிபர். அந்த மனிதர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “எனக்கும் இதெல்லாம் விளங்குது. ஆனா நான் இவங்களப் பகைச்சிக்க ஏலா” என்று என் காதோடு சொன்னார். விளங்குகிறதாம்! விளங்காமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அந்தப் பிள்ளையின் உம்மாவைக் கூட்டத்துக்குள் கூப்பிடவே இல்லை. அவள் கைக்குழந்தையோடு வெளி விறாந்தையில் நின்றாள். பக்கத்தில் பிள்ளை. பிள்ளையின் உதடு வீங்கிச் சிவந்திருந்தது. என்னைக் கண்டதும் உம்மா அவசரமாகச் சொன்னாள்: “இனித் துப்பமாட்டா டீச்சர். கூட்டத்துக்கு வரச் சொன்ன உடனே வாயில கொச்சிக்கா தேச்சி விட்டன். அதிபர் சேர்ட்ட சொல்லுங்க, இந்தத் தரம் மட்டும் மன்னிக்கட்டாம்.”

துப்பச் சொல்லிக் கொடுத்த கை, அதே மிளகாயை அதே வாயில் தேய்த்திருக்கிறது. அவளைத் திட்டத்தான் எனக்கு வாய் வந்தது. ஆனால் அவளுடைய முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் திரும்ப உள்ளே இருக்கிறவர்கள் மேலேயே போனது. சுத்தமான துப்பல்காரர்கள்.

அதிபர் வெளியே வந்து விடுகைப் பத்திரத்தை அவளிடம் நீட்டினார். “சம்மாந்துறைப் பக்கம் நல்ல பள்ளிக்கூடம் இரிக்கி. வாப்பாக்கும் வேலைக்குக் கிட்ட” என்று இனிக்க இனிக்கச் சொன்னார். உம்மா வாங்கினாள். அந்த நேரம் பார்த்து இடுப்பில் இருந்த குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. அவள் ஒரு கையில் கடதாசியும் ஒரு கையில் குழந்தையுமாகத் தடுமாறினாள்.

பிள்ளை தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். வலது கையைப் பொத்தினாள். எட்டி, குதிக்காலை உயர்த்தி, அவனுடைய தலையைச் சுற்றி மூன்று தரம் சுற்றினாள். கையை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தாள். வீங்கிய உதட்டைக் குவித்தாள். அப்போது அதிபரைக் கண்டாள். கண்ணை அவரிலிருந்து எடுக்காமல், வாயில் சேர்த்ததை மிடறு தெரிய விழுங்கினாள். பொத்திய கையை அப்படியே சட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தம்பி அழுதுகொண்டே இருந்தான்.

“பாத்தீங்களா டீச்சர், புள்ள திருந்திட்டா” என்று சிரித்தார் அதிபர்.

கொடுத்த பத்திரத்தை மட்டும் அவர் திரும்ப வாங்கவில்லை.