தரைதட்டிய கப்பலும் நான் வரைந்த கண்களும்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செத்தவர்களோடு புழங்குவதுதான் என் பிழைப்பே. அறுபதுகளில் மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து ஸ்டூடியோவில் எனக்கு டச்சிங் வேலை, போட்டோவில் குறை இருந்தால் பிரஷ்ஷால் திருத்துவது. உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டோகூட எடுக்காதவர் செத்துப்போனால், பிணத்தைப் படம் பிடித்து வருவோம். மூடிய இமைமேல் நான் பிரஷ்ஷால் திறந்த கண் வரைவேன். அதற்கு மாலை போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். எத்தனையோ முகம் வரைந்திருக்கிறேன், ஒரு கண்கூடத் தப்பியதில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அஸ்தினாபுரத்திலிருந்து கிரேஸ் டீச்சர் ஒரு மதியம் வந்தார். கையில் சாயம் போன பழைய படம். ஒரு நீராவிக் கப்பல், அதற்குக் கீழே வெறும் பழுப்பு. டீச்சரின் தாத்தா, அதாவது அவர் அம்மாவைப் பெற்றவர், வெள்ளைக்காரன் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவர். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது போனவர் திரும்பவில்லை. ஏறிய கப்பலின் பெயரை எழுதி ஒரு கடிதம், அப்புறம் அனுப்பியவர் பெயர் இல்லாமல் தபாலில் இந்தப் படம், அவ்வளவுதான். வேறு கப்பலில் எவளோடோ ரங்கூனுக்கு ஓடிவிட்டான், அந்தக் கப்பலைப் படம் பிடித்து வேறு அனுப்பியிருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் காறித் துப்பினார்கள். ஓடிப்போனவன் மகள் என்ற பேச்சோடே அந்த அம்மா எண்பது வயதைத் தாண்டிவிட்டார்.

“அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க தம்பி. கண்ணை மூடறதுக்குள்ள இது கடிதத்துல இருக்கிற கப்பல்தானான்னு தெரிஞ்சாகணும்” என்றார் டீச்சர்.

கேமராவில் நீலக் கண்ணாடி வைத்துப் படத்தைக் காப்பி எடுத்தேன். மங்கியதை அது எடுத்துக் காட்டும். கழுவிப் பார்த்தால் கீழே கடலே இல்லை, மணல். கப்பல் தரைதட்டிச் சாய்ந்து கிடந்தது. முன்னால் ஆறு பேர் கைகட்டி நின்றார்கள், காலடியில் கொஞ்சம் இடம் விட்டு. அந்த இடைவெளியைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. கிறிஸ்தவ வீட்டுச் சாவுகளில் பெட்டிக்குப் பின்னால் சொந்தக்காரர்களை நிறுத்தி குரூப் போட்டோ எடுப்போம் இல்லையா, அப்படியேதான் நிற்பார்கள். இது கப்பல் படம் இல்லை, சாவுப் படம். பெரிதாக்கினேன். மணலில் சாக்குப் போர்த்திய உடல்கள். ஒன்றின் முகம் மட்டும் திறந்திருந்தது, முகவாயில் பள்ளம். டீச்சருக்கும் அதே பள்ளம்.

டீச்சர் அழுது தீர்த்தார். “இதை வெச்சு யாரும் நம்ப மாட்டாங்க தம்பி, கப்பல் பேர் வேணும். ஆனா அம்மா பார்க்கட்டும், தாத்தாவுக்குக் கண்ணைத் திறந்து குடுங்க.” பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கப்பல் மூக்கில் வெறும் கறைதான் இருந்தது.

முகத்தைத் தனியாகப் பெரிதாக்கி, எப்போதும்போல நேராகப் பார்க்கிற கண் வரைந்தேன். காய்ந்ததும் பார்க்கிறேன், கருவிழி இரண்டும் இடப்பக்கம் மேலே போயிருக்கிறது! நம்பினால் நம்புங்கள், துடைத்துத் துடைத்து மூன்று தடவை வரைந்தேன், மூன்று தடவையும் அதே கதைதான்.

“இன்னாய்யா, பட்டப்பகல்லயே ஊத்திக்கினு வந்துட்டியா?” என்று முதலாளி கிண்டல் செய்தார்.

எரிச்சலில் முழுப் படத்தை எடுத்து, அந்த ஆள் எதைத்தான் பார்க்கிறார் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். கோடு நேராக அந்தக் கறையில் போய் முட்டியது. அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி அழுத்தமாகப் பிரிண்ட் போட்டேன். கறைக்குள்ளிருந்து ஐந்து இங்கிலீஷ் எழுத்து எழும்பியது. கடிதத்தில் இருந்ததாக டீச்சர் சொல்லியிருந்த அதே பெயர்.

அன்று மாலையே அஸ்தினாபுரம் போனோம். “தாத்தா ஓடிப்போகலைம்மா, வேலை பார்த்த கப்பல்லயே செத்துட்டாரு” என்று டீச்சர் காதருகே கத்திச் சொன்னார். அந்த அம்மா நான் கண் வரைந்த படத்தை முகத்துக்கு நேரே பிடித்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

“அப்புறம் ஏம்ப்பா என்னை மட்டும் பார்க்க மாட்டேங்கறாரு?” என்று என்னிடம் கேட்டார்.

நான்தான் தப்பாக வரைந்துவிட்டேன், காலையில் சரிசெய்து தருகிறேன் என்று பொய் சொல்லி வாங்கிவந்தேன். வரைந்தேன், துடைத்தேன், மறுபடி வரைந்தேன். கண் மசியவில்லை. விடிந்ததும் ஆள் வந்து சொன்னான், அம்மா போய்விட்டார் என்று.

கேமராவோடு அந்தப் படத்தையும் எடுத்துப்போனேன். குரூப் எடுத்து முடித்ததும் டீச்சர் அதை வாங்கி அம்மாவின் கைகளுக்குள் செருகினார். பெட்டியை மூடுவதற்கு முன் குனிந்து பார்த்தேன். படத்தில் கண்கள் மூடியிருந்தன. என் சாயம் இல்லை, துடைத்த தடம் இல்லை, வெறும் இமை. டீச்சர் பார்த்துவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு பூவை எடுத்து வைத்தேன்.

மகளைப் பார்த்துவிட்டு மூடினாரா, பார்க்கவே வேண்டாம் என்று மூடினாரா? இன்றைக்கும் அதுதான் என்னைத் தின்கிறது.