சீட்டிக் குருவியும் அருமைநாயகத்தின் முன்பற்களும்

பாபநாசத்துக்கு மேலே, ஏலத்தோட்டத்தில் சமையல் வேலை பார்த்த அருமைநாயகம் சாது மனுஷன். யாரிடம் பேசினாலும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார். என்ன பணிவு என்று எல்லாரும் மெச்சினார்கள். பணிவெல்லாம் இல்லை. முன்பல் இரண்டும் கிடையாது.

அந்தப் பற்கள் போனது ஒரு குருவியால். மலையோடைகளில் இருக்கும் குருவி அது. கருநீல உடம்பு, நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்ற நீலம். நத்தையையும் நண்டையும் பாறையில் அடித்துத் தின்னும். அருவியோரப் பாறை இடுக்கில் பாசியால் கூடு கட்டும். சாரல் காலத்தில் விடியுமுன்னே பாட ஆரம்பித்துவிடும். வேலைவெட்டி இல்லாத வாலிபன் சீட்டியடிப்பது போலவே இருக்கும். ஒரு ராகத்தை எடுக்கும், பாதியில் மறந்துபோய் வேறொன்றுக்குத் தாவும். கர்த்தர் அதை உண்டாக்கின அன்றைக்கு நல்ல சந்தோஷத்தில் இருந்திருப்பார்.

மலைக்கு வந்த புதிதில் அதன் கூட்டை எட்டிப் பார்க்கப் பாறையேறி வழுக்கி விழுந்தார் அருமைநாயகம். அவர் வாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, குருவி விட்ட இடத்திலிருந்து பாடிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில் அவருக்கு ஜெபராணியைப் பேசி முடித்தார்கள். பல் விஷயம் பெண்ணுக்குத் தெரியாது. கலியாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் உபதேசியார் சபைக்கு முன் கலியாண ஓலை வாசித்து, தடையுண்டானால் சொல்லலாம் என்றார். கீழேயிருந்து புதிதாய் வந்திருந்த கணக்கர் அப்பாத்துரை எழுந்தார்.

"தடை உண்டு. விடியக்காலம் என் வீட்டுக்காரி ஓடைக்குப் போனா, அங்க தண்ணியெடுக்க வர்ற இந்த ஆளு துண்டுக்குள்ள சீட்டியடிக்காரு."

"அது குருவி அண்ணாச்சி," என்றார் அருமைநாயகம் துண்டுக்குள்ளிருந்து.

"எந்தக் குருவிவே மனுஷன் மாதிரி சீட்டியடிக்கும்? முதல்ல துண்டை எடும்வே!"

எடுத்தால் பொக்கை வாய் தெரியும். எடுக்காவிட்டால் கலியாணம் நிற்கும். பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஜெபராணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுத் துண்டை எடுத்தார்.

"முன்பல்லே கிடையாது அண்ணாச்சி. இதை வச்சு எப்படிச் சீட்டியடிக்க?"

"ஊதிக் காட்டும், பாப்போம்."

ஊதினார். காற்றும் எச்சிலும்தான் வந்தன. உபதேசியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"வேணும்னே தப்பா ஊதுதீரு. உதட்டை இப்படிக் குவிக்கணும்வே!" என்று அப்பாத்துரையே அடித்துக் காட்டினார். அருமையான சீட்டி. உடனே ஓடைப் பக்கத்திலிருந்து பதில் சீட்டி வந்தது. திகைத்துப்போய் இன்னொரு தரம் அடித்தார். இன்னொரு தரம் பதில் வந்தது.

அவர் மனைவி எலிசபெத் எழுந்தே விட்டார். "இதே சீட்டிதான்! ஏங்க, தினமும் அடிச்சது நீங்கதானா?"

கோயிலே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் உபதேசியார் ஜெபராணியிடம் திரும்பினார். "பல்லைப் பாத்துட்டே. உனக்குச் சம்மதம்தானாம்மா?"

"கரும்பா கடிக்கப் போறாவ? சோறாக்கத் தெரியும்லா, போதும்," என்றாள் ஜெபராணி.

கலியாணத்தன்று அருமைநாயகம் துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அவர் "சம்மதம்" என்று சொன்ன நேரம், ஓடையிலிருந்து நீளமாய் ஒரு சீட்டி வந்தது. கூடியிருந்தவர்கள் அத்தனைபேரும் திரும்பி அப்பாத்துரையைப் பார்த்தார்கள்.

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.