அம்மா எதிரே வந்த நாள்

நேர்முகப் பரீட்சைக்குப் போகும் நாட்களில் என் அம்மாவின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அது எங்கள் வீட்டுச் சட்டம். விடிய எழும்பித் தேத்தண்ணீர் வைப்பார், இடியப்பம் அவித்து மூடி வைப்பார், நான் உடுக்க வேண்டிய சேலையைக் கதிரையில் எடுத்துப் போடுவார். எல்லாம் செய்துவிட்டு, நான் வெளிக்கிடும் நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான் முற்றத்தில் நின்று, "அம்மா, போட்டு வாறன்" என்பேன். "ஓம் பிள்ளை, பாத்துப் போ" என்று கதவு பதில் சொல்லும்.

அப்பா போரின் கடைசிச் சண்டையில் செத்துப்போனார். அன்றிலிருந்து, யார் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டாலும் அம்மா ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டார். முழுவியளம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். வாசல் படலையைத் தாண்டும்போது முதலில் எதிர்ப்படுகிற ஆளைப் பொறுத்துத்தான் போகிற காரியம் சரிவருமாம். புருஷன் உள்ளவள் நிறைகுடத்தோடு வந்தால் விசேஷம். புருஷன் இல்லாதவள் எதிர்ப்பட்டால் திரும்பி வீட்டுக்கு வந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, கொஞ்சம் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. அதில் ஐந்து வீட்டில் புருஷன் இல்லை. இந்தச் சாத்திரப்படி பார்த்தால் எங்கள் ஊர் விசுவமடுவில் ஒருவருக்கும் ஒரு காரியமும் சரிவரக் கூடாது. இதை நான் அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டுக் குசினிக்குள் போவார்.

எனக்கு முழுவியளத்துக்கு வருவது முன்வீட்டு மாமி. மாமா உயிரோடு இருக்கிறார், வயல் விளைகிறது, மூத்த மகள் யாழ்ப்பாணத்தில் நல்ல இடத்தில் கட்டியிருக்கிறாள். இதைவிட என்ன தகுதி வேண்டும். மாமி எதிரே வந்து ஒருவர் கனடா போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பதும் அவர் சான்றிதழ்களில் ஒன்று. முதல்நாள் பின்னேரமே அம்மா போய் நேரம் சொல்லிவிட்டு வருவார். நான் படலையைத் திறக்க, மாமி தற்செயலாக வருகிற மாதிரிக் குடத்தோடு வருவார். ஒருமுறை நித்திரையாகிப்போய், வாய்க்குள் பல்துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். குடம் வெறுங்குடம். பாதி வழியில் ஞாபகம் வந்து, "நில்லு பிள்ளை, நில்லு, என்னைப் பாக்காதை" என்று திரும்பி ஓடினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்கையில் நின்றேன். பஸ் போய்விட்டது.

அந்த வேலையும் கிடைக்கவில்லை. அதற்கு முன்னர் போன மூன்றும் கிடைக்கவில்லை.

கலைப்பட்டம் எடுத்து ஆறு வருடம். அரசாங்க உத்தியோகம் கிடைத்த பிறகுதான் கல்யாணம் என்று இருந்தேன். "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை" என்று முள்ளியவளையில் இருக்கும் சித்தி, அம்மாவின் தங்கை, பகிடி பண்ணுவார். எனக்குக் கைவிடப் புருஷனும் இருக்கவில்லை. பின்னேரங்களில் நாலு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். மற்ற நேரம் அம்மாவோடு இருந்து கச்சான் கடலைக் கோது உடைத்தேன். நேர்முகத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "இவ்வளவு காலமும் ஏன் வேலை இல்லாமல் இருந்தீர்கள்?" நீங்கள் தராததால்தான் என்று சொல்ல வாய் உன்னும். சிரித்துக்கொண்டு, மேலும் என்னைத் தயார்படுத்தினேன் ஐயா என்று சொல்வேன். வீட்டுக்கு வந்து, அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கே எரிச்சல் வரும்.

வேலையற்ற பட்டதாரிகளுக்கென்று ஒரு மண்டபத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். மனதைத் தளரவிடாமல் வேலை தேடுவது எப்படி என்பது தலைப்பு. பயிற்சி தந்தவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. அவருக்கு வேலை இருந்தது. படுக்கப் போகுமுன் அன்றன்று நடந்த நல்ல விஷயங்களைக் கொப்பியில் எழுதச் சொன்னார். முதல் நாள், மத்தியானப் பார்சலில் மீன் பொரியல் இருந்தது என்று எழுதினேன். அடுத்த நாள், மழை பெய்தபடியால் ஒருவரும் வீட்டுக்கு வந்து விசாரிக்கவில்லை என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. மூச்சை ஆழமாக இழுத்து விடவும் சொல்லித் தந்தார். அதை மட்டும் செய்து வந்தேன். மூச்சு எப்படியும் விடத்தானே வேண்டும்.

உண்மையைச் சொன்னால், நான் பயந்துபோயிருந்தேன். சந்திக் கடையைத் தாண்டிப் போக வெட்கமாக இருந்தது. "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ பிள்ளை?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அன்பாகக் கேட்பதுதான் தாங்க முடியாதது.

அப்படி இருக்கும்போதுதான் ஐந்தாவது கடிதம் வந்தது. அரசாங்க வேலை, கிளிநொச்சியில் நேர்முகம். நான் விண்ணப்பித்து வந்த வேலைகளுக்கு வயதெல்லை முப்பத்தைந்து. விண்ணப்ப முடிவு நாளில் எனக்கு முப்பத்தைந்து ஆக இரண்டு மாதம் குறைவாக இருந்தது. இனி வர்த்தமானியில் எந்த வேலை வந்தாலும் அதைப் படித்து எனக்கு ஒரு பயனும் இல்லை. இதுதான் கடைசி என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அம்மாவின் கவலை வேறொன்றாக இருந்தது. மாமி ஊரில் இல்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார்.

"இனி ஆரைப் போய்க் கேக்கிறது?" என்றார் அம்மா. "பின்வீட்டு அவா எட்டு மணிக்குப் பிறகுதான் எழும்புறவா."

"ஒருத்தரையும் கேக்க வேண்டாம். நீங்கள் வாங்கோ."

"எங்கை?"

"படலையடிக்கு. குடத்தோட. முழுவியளத்துக்கு."

அம்மா கோது உடைப்பதை நிறுத்தினார். "விசர்க்கதை கதையாதை."

"நீங்கள் வராட்டி நான் போகேல்லை. சத்தியமாப் போகேல்லை."

"பிறகு உனக்கு ஒண்டெண்டா நான் என்ன செய்யிறது பிள்ளை?"

"என்னைப் பெத்து வளத்தது நீங்கள். உங்கட முகம் எனக்குக் கூடாதெண்டா, வேற ஆற்றை முகம் நல்லது?"

இந்த வசனத்தை நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன். ஏதோ பெரிய நியாயம் செய்கிறேன் என்ற நினைப்பு. இத்தனை வருடமும் அவரைக் கதவுக்குப் பின்னால் நிற்க விட்டதற்கு ஒரு பரிகாரம். அதோடு கொஞ்சம் திமிரும் இருந்தது. படித்தவள் அல்லவா. அம்மா மிச்சக் கோதை உடைக்கத் தொடங்கினார். படுக்கும்போது, "எத்தனை மணிக்கு வெளிக்கிடுறாய்?" என்று மட்டும் கேட்டார்.

காலையில் நான் படலையைத் திறந்தபோது அவர் ஒழுங்கையில் வந்துகொண்டிருந்தார். கிணற்றடியில் முழுகி, ஈரத்தலையை முடிந்து, கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்தியிருந்தார். குடம் ததும்பியது. நடக்க நடக்கத் தண்ணீர் சிந்தி, முன்பக்கச் சேலையெல்லாம் நனைந்துவிட்டது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, என் முன்னால் நின்றார். நான்தான் அவர் நாடியைப் பிடித்து நிமிர்த்தினேன். நேர்முகத்துக்கு வெளிக்கிடும் மகளைப் பார்க்கும்போது என் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பயத்துக்கும் பெருமைக்கும் நடுவில் அது கிடந்து தவித்தது. நான் பஸ் ஏறும்வரை சிரித்துக்கொண்டே போனேன்.

நேர்முகமும் நல்லபடி நடந்தது. நடுவில் இருந்தவர் என் பதில்களைக் கேட்டுத் தலையாட்டினார். "உங்களைப் போன்றவர்கள்தான் வர வேண்டும்" என்றுகூடச் சொன்னார். வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். "பாத்தீங்களோ, உங்கட முழுவியளம்" என்றேன்.

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அதன்பிறகு இரண்டு மாதம் அம்மா வேறு ஆளாக இருந்தார். யாழ்ப்பாணத்தால் திரும்பி வந்த மாமியிடம் தானே போய் நடந்ததைச் சொன்னார். மாமி, "இனி எனக்கு உத்தியோகம் இல்லை, நீங்களே பாருங்கோ" என்று சொல்லிச் சிரித்தாராம். முள்ளியவளையில் சித்தியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. வழக்கமாகக் கல்யாண வீடுகளில் அம்மா குசினிப் பக்கம் போய் வெங்காயத்தோடு இருந்துவிடுவார். அன்று மணவறைக்கு முன்னால், இரண்டாவது வரிசைக் கதிரையில், பொம்பிளை மாப்பிள்ளைக்கு நேரே இருந்தார். அறுகரிசி போட்டு வாழ்த்த அழைத்தபோதும் எழும்பிப் போனார். சித்தி என்னைப் பார்த்துக் கண்ணால் கேட்டார். நான் பெருமையோடு தலையாட்டினேன். இவ்வளவு நாளும் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தேன்.

தெரிவு செய்யப்படவில்லை என்ற கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு வரி.

எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு முன் அம்மாவைப் பார்த்துவிட்டேன். கடிதம் அவர் கையில் இருந்தது. வாசித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உடனே கதைக்கத் தொடங்கினேன். நூற்றுக்கணக்கான பேர் விண்ணப்பித்தார்கள், இடங்கள் கொஞ்சம், அனுபவத்துக்குத் தனிப் புள்ளி, இதற்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூச்சு விடாமல் கதைத்தேன். எல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்டைக்குக் கலியாண வீட்டில நான் முன்னுக்கெல்லோ இருந்தனான். அந்தப் பிள்ளையளுக்கு ஒண்டும் வராதோ?"

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டது நான்தான். முன்பெல்லாம் அம்மா தன்னை வெறுமனே ஒதுக்கி வைத்திருந்தார். ஊர் சொன்னதைக் கேட்டு நடந்தார், அவ்வளவுதான். என் தோல்விகளில் அவருக்குப் பங்கு இருக்கவில்லை. நேர்முகம் நல்லபடி நடந்ததற்கு அவர் முகம்தான் காரணம் என்று அவரை நம்ப வைத்தவள் நான். நம்ப வைத்த பிறகு, கிடைக்காமல் போனதற்கு மட்டும் அவர் காரணமில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னேன். எத்தனையோ விதமாகச் சொன்னேன். அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை" என்றார். வேலை கிடைக்காமல் போனதைவிட அந்த "ஓம் பிள்ளை"தான் என்னைச் சாகடித்தது. சித்தியின் மருமகளுக்கு லேசாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் அம்மா அன்று சாப்பிட மாட்டார்.

வயதெல்லை தாண்டிய பிறகு தனியார் இடங்களுக்கு எழுதிப் போட்டேன். கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடையிலிருந்து அழைத்தார்கள். பில் போடுகிற வேலை. பட்டம் எதற்கு என்று கேட்கக் கூடாத வேலை. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அம்மாவிடம் சொன்னபோது, "நல்லது பிள்ளை" என்றார். புதன்கிழமை மத்தியானம், சித்திக்குச் சுகமில்லையாம், ஒருக்காய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு முள்ளியவளைக்கு பஸ் ஏறினார். நான் நம்பினேன்.

வியாழன் காலை வெளிக்கிட்டுப் படலையைத் திறந்தால், மாமி நிறைகுடத்தோடு நிற்கிறார். "கொம்மா எல்லாம் சொல்லிப்போட்டுத்தான் போனவா" என்றார். அவர் இந்தமுறை தற்செயலாக வருவதுபோல நடிக்கவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. எனக்கு அப்போதே விளங்கத் தொடங்கியது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் அம்மாவின் போனுக்கு எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். மூன்றாம் முறை சித்தியின் போனுக்கு எடுத்து, சுகம் எப்படி என்று கேட்டேன்.

"எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்றார் சித்தி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ வெளிக்கிடேக்கை தான் அந்த வளவுக்குள்ளயே இருக்கக் கூடாதெண்டு வந்திருக்கிறா. இஞ்ச பக்கத்திலதான் இருக்கிறா. போனைக் குடுக்கவோ எண்டு கேட்டா, வேண்டாமெண்டு கை காட்டுறா. குரலும் கூடாதாம். நீ முதல்ல பஸ்ஸில ஏறு பிள்ளை."

பஸ் வந்தது. ஏறி யன்னலோரம் இருந்தேன். தர்மபுரம் தாண்டும்வரை நல்லதை நினைக்க முயன்றேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு எதையும் நம்பி இருக்க எனக்கு இனி வயதில்லை. ஆனால் அது கிடைத்தால், தான் ஊரிலேயே இல்லாதபடியால்தான் கிடைத்தது என்று அம்மா சாகும்வரை நம்புவார். கிடைக்காவிட்டால், அடுத்தமுறை முள்ளியவளையைவிடத் தூரமாக ஓர் இடம் தேடுவார்.